‘பார்ப்போம்’ என்றதை நம்பிக் காத்திருந்தவர்

போன வருடம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். தேயிலைத் தோட்டம் ஒன்றில் உத்தியோகம், வயது 42. இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு என்னிடம் மருந்து எடுப்பவர்தான். வழக்கமாக மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அன்று சட்டைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய கொப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தின் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தது. இடப்பக்கம் ‘அவர்’, வலப்பக்கம் ‘நான்’.

‘அவர்’ லண்டனில் வாழும் ஒரு தமிழர். தனக்கு ஓட்டிசத்தின் ஒரு வடிவமான அஸ்பெர்கர் நிலை இருப்பதை ஐம்பது வயது கடந்த பிறகு அறிந்து, அதுவரை வாழ்ந்த வாழ்க்கையை ஒரு குரல்பதிவில் பேசியிருந்தார். கொழும்பிலிருக்கும் மைத்துனர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இவர் அதைப் பதினொரு தடவை கேட்டிருக்கிறார்.

“இவரு என்னைப் பத்திதான் பேசுறாரு டொக்டர். ஆனா என்னை இவருக்குத் தெரியவே தெரியாது.”

மேலே போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றி, என்னிடம் வந்த வேறு சிலரின் அனுபவங்களையும் கலந்தே எழுதுகிறேன்.

கொப்பியை வாசித்தேன். அவர் கல்யாண வீட்டுக்குப் போகுமுன் யாரிடம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்ப்பாராம். இவர் குளிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். அவர் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் அளவுத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார். இவரும் அப்படியே, ஒரு சட்டை மிச்சமில்லாமல். அவருக்கு லண்டன் சுரங்க ரயிலின் கிறீச்சிடல் தாங்காது. இவருக்குக் கோயில் திருவிழா ஒலிபெருக்கி. சத்தம் தொடங்கியதும் மேல்மலைக்கு ஏறித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வார். ‘திமிர் பிடிச்சவன், சாமி கும்பிடக்கூட நிக்க மாட்டான்’ என்று ஊர் பேசும்.

கடைசி வரியில் இடப்பக்கம் காலியாக இருந்தது. வலப்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தமா? யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.”

கூரைத் தகரம் மாற்றக் கடன் கேட்டபோது ஒருவர் “பார்ப்போம்” என்றாராம். இவர் இரண்டு கிழமை தினமும் மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். தமிழில் நாம் பாதிப் பேச்சைச் சொல்லாமலே பேசுகிறோம். “யோசிச்சுச் சொல்றேன்” என்றால் வேண்டாம் என்று பொருள். “சாப்பிட்டுப் போகலாமே” என்பது சில வீட்டில் உண்மையான அழைப்பு, சில வீட்டில் புறப்படச் சொல்லும் மரியாதை. குரலும் முகமும் பார்த்து நாம் பிரித்தறிவதை இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாலையானால் மூளை களைத்துவிடுகிறது. அந்தக் களைப்பைத்தான் நான் இரண்டு வருடம் மனச்சோர்வு என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். மருந்தால் தூக்கம் வந்தது, அது பொய்யில்லை. ஆனால் அவருடைய சிறுவயது எப்படி இருந்தது என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

அஸ்பெர்கர் என்பது என்ன? சின்ன வயதில் பேச்சு தாமதமின்றி வந்திருக்கும், அறிவிலும் குறையிருக்காது. ஆனால் மனிதரோடு பழகும் எழுதப்படாத விதிகள் தாமாகப் பிடிபடாது. பழகிய ஒழுங்கு குலைந்தால் தவிப்பு வரும். ஏதோ ஒரு விஷயத்தில் ஆழமான ஈடுபாடு இருக்கும். சத்தம், வெளிச்சம், வாசம், தொடுகை மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும், சிலருக்குக் குறைவாகவும் உறைக்கும். வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஓட்டிசம் உள்ள ஒரு மகளின் தாயும் பிரித்தானிய உளநல மருத்துவருமான லோர்னா விங் 1981இல் இந்தப் பெயரை உலகறியச் செய்தார். 2013இல் அமெரிக்க உளநல நோய் வகைப்பாடும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இதைத் தனிப்பெயராக வைக்காமல் ஓட்டிச நிறமாலை என்ற பெரிய தொகுதிக்குள் சேர்த்துவிட்டன. நாசி ஆட்சியில் ஊனமுற்ற பிள்ளைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்குச் சிறுவர்களை அனுப்புவதில் அஸ்பெர்கருக்கும் பங்கிருந்தது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது. அதன்பின் பலர் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். நானும் அறிக்கையில் ஓட்டிசம் என்றே எழுதுகிறேன். ஆனால் நாற்பது வயதில் ஒருவர் தனக்கென்று கண்டெடுத்த பெயரை அவர் வாயிலிருந்து பிடுங்க மாட்டேன். ஓட்டிசத்துக்கு வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற தமிழ்ச்சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. இவர்களில் யாருடைய மதியும் இறுகியிருந்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவருடைய அக்காவை அழைத்து வரச் சொன்னேன். பெரியவர்களில் ஓட்டிசத்தை உறுதிசெய்யச் சிறுவயது வரலாறு வேண்டும். வளர்ந்தபின் திடீரென வருவதல்ல இது. சின்ன வயதிலேயே இருந்தது, சுமை கூடும்போது வெளியே தெரிகிறது. தாய் தேயிலை மலைக்குப் போன நேரமெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொண்டவர் அக்காதான். “வெளையாட மாட்டான் டொக்டர். கொழுந்துக் கூடையைக் கவுத்துப் போட்டு அதுல எத்தனை பிரம்புனு எண்ணிக்கிட்டே இருப்பான். யாராவது கூடையை மாத்தி வச்சா அன்னிக்குச் சாப்பாடு இல்ல.” தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்றில் ஏழு பேர். அடுத்த காம்பராவின் இருமல் இங்கே கேட்கும். தனியாக இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே இடம் விறகு அடுக்கிய பரண். ஆறு வயதில் அங்கே ஏறிப் படுத்துக்கொள்வாராம். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த லயத்து வாழ்க்கையில் ஒதுங்கியிருப்பவன் மற்றவர்களை அவமதிக்கிறான் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் சிரிக்கப் பழகினார், கண்ணைப் பார்ப்பதற்குப் பதில் புருவத்தைப் பார்க்கப் பழகினார்.

தாய் இறந்தபோது அவர் அழவில்லை. எழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க, இவர் கதிரை எண்ணினார், தேத்தண்ணிக்கு விறகு பிளந்தார். ‘கல்லு மனசு’ என்றார்கள். மூன்று கிழமை கழித்துக் கதவு மூலையில் தாயின் குடையைக் கண்டு ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். அதை யாரும் பார்க்கவில்லை. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது. தானும் ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதும் இதைத்தான்: புரியாமை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. அவருக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவரைப் புரிவதில்லை.

சரி, ஒருவர் “அது நான்தான்” என்றால் அது நோயறிதலாகிவிடுமா? ஆகாது. மண்சரிவில் வீட்டை இழந்த ஒரு இளம்பெண்ணும் இதே வார்த்தையோடு வந்தார். சத்தம் தாங்காது, கூட்டம் ஆகாது, தனிமைதான் வேண்டும். கேட்டுப் பார்த்தால், மண்சரிவுக்கு முன்னால் ஆடிப் பூசையில் முன்னின்று பாடியவர் அவர். அது அதிர்ச்சியின் பாதிப்பு, அதற்கான சிகிச்சை வேறு. தொழிற்சாலை இரைச்சலில் காது மந்தமாகிப் பேச்சிலிருந்து ஒதுங்கிய ஒருவரும் வந்தார். இருவரும் தங்களைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. அவர்களுக்குக் கிடைத்த பெயர்தான் பொருந்தவில்லை. ஆனாலும் அந்தப் பெயர்தான் அவர்களை எங்கள் கதவு வரை கொண்டுவந்தது. ‘போன்ல கேட்டதை எல்லாம் நம்பாதீங்க’ என்று அதே கதவை நாங்கள் சாத்தினால் அவர்கள் வேறெங்கே போவார்கள்?

ஓட்டிசம் இருக்கலாமா என்று பார்க்க வினாக்கொத்துகள் உண்டு. கேம்பிரிட்ஜில் 2001இல் உருவாக்கிய 50 கூற்றுகள் கொண்ட ஒன்று அதிகம் பயன்படுகிறது. அது ஆரம்பச் சல்லடை மட்டுமே. நாடக அரங்கா நூதனசாலையா என்று அதில் ஒரு இடம் வரும். இரண்டையும் வாழ்நாளில் பார்த்திராத ஒருவரிடம் அதைக் கேட்டு என்ன பயன்? நான் தோட்டங்களில் ஊர் கூடி ஆடும் காமன் கூத்து ராத்திரியைப் பற்றிக் கேட்கிறேன். கூட்டத்துக்குள் நின்றீர்களா, தப்பு மேளம் காய்ச்சும் நெருப்புப் பக்கம் போய்விட்டீர்களா? பதில் தடையில்லாமல் வரும். பெண்களிடம் இன்னும் பொறுமையாகக் கேட்க வேண்டும். மறைக்கும் பழக்கம் அவர்களுக்குள் அவ்வளவு ஆழமாகப் போய்விடுகிறது. பலர் பதற்றம், மனச்சோர்வு என்ற பெயரிலேயே வருடக்கணக்காக வந்துபோகிறார்கள்.

எங்கள் ஆலோசக உளநல மருத்துவரும் பார்த்து உறுதிசெய்த பிறகு என்ன மாறியது? ஓட்டிசத்தைப் போக்க மருந்து கிடையாது, அதைத் தேடி யாரும் பணத்தை இறைக்க வேண்டாம். மாறியது சின்னச் சின்ன விஷயங்கள். முன்பு அவர் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். இரவு வேலை, ஆட்கள் குறைவு. பச்சை வாசம் போய்க் கொழுந்து பதமாகும் கணத்தை மூக்கால் சொல்லிவிடுவார். பதவி உயர்வென்று வெளிக்கள உத்தியோகத்துக்குப் போட்டதும்தான் எல்லாம் உடைந்திருக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஐம்பது முகங்கள். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் எழுதுவார். கூட்டி எழுதவும் தெரியாது, குறைத்து எழுதவும் தெரியாது. நேர்மை என்று யாரும் சொல்லவில்லை, இரக்கமில்லாதவன் என்றார்கள். அவருடைய சம்மதத்தோடு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதத்தில் தொழிற்சாலைக்கே திரும்பினார்.

வீட்டில் மனைவி ஒரு காரியம் செய்தார், நான் சொல்லிக் கொடுத்ததில்லை. “வீட்டுல தேங்காய் இல்ல” என்று சொல்வதை விட்டுவிட்டு “வரும்போது ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வாங்க” என்கிறாராம். “பதினாறு வருசமா நான் தேங்காய் இல்லனு சொல்றேன், அவரு ‘ஆமா, இல்ல’ன்னுட்டுப் போறாரு. என்மேல அக்கறையில்லனு நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன்” என்றார். அன்று அவர்கள் இருவரும் வெகுநேரம் என் அறையில் இருந்தார்கள்.

இதை வாசிக்கும்போது யாராவது ஓரிடத்தில் நின்றுவிட்டிருந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து அப்படி என்று அம்மாவிடம், அக்காவிடம் கேளுங்கள். ஆதார வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக் நடக்கிறது, அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு உடனே அழையுங்கள். இத்தனை வருடம் மறைத்து வாழ்ந்த களைப்பில் அந்த எண்ணம் வருவது நான் கண்ட உண்மை.

தை மாதம் அவர் இன்னொரு கொப்பி கொண்டுவந்தார். இந்தத் தடவை நடுவில் கோடு இல்லை. நான்கு பக்கம், எல்லாம் ‘நான்’. “அந்த மனுசன் பேசினது மாதிரி நானும் எழுதியிருக்கேன். யாருக்காவது வேணும்னா குடுங்க, பேரு மட்டும் வேணாம்.” போன கிழமை ஒரு முன்பள்ளி ஆசிரியையிடம் அதைக் கொடுத்தேன். வெளிவாங்கில் உட்கார்ந்து வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த நோயாளி போகும்வரை வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: “டொக்டர், பேனை ஒண்ணு தருவீங்களா?”