பாவகடா வெயிலில் யாருக்குப் பங்கு?

கர்நாடகத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கிறது பாவகடா. மழை பொய்த்துப் பொய்த்தே பழகிப்போன வட்டம். நிலக்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதுதான் இங்கே விவசாயம். இந்த வட்டத்தின் 5 கிராமங்களில், சுமார் 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா இருக்கிறது. 2018இல் முதல் கட்டம் தொடங்கி, 2019 இறுதியில் முழுதாக இயங்க ஆரம்பித்தது.

இவ்வளவு நிலம் எதற்கு? வெயில் பரவலாக விழும் ஆற்றல்; அதைச் சேர்க்கப் பரப்பு வேண்டும். விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் பேனல் மின்சாரமாக்கும். ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசைமேல் விழாதபடி இடைவெளியும் விட வேண்டும். பாதை, துணை மின்நிலையம் எல்லாம் சேர்த்தால் ஒரு மெகாவாட்டுக்கு இங்கே 6 ஏக்கருக்கு மேல் ஆகிறது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எப்படியோ, சூரிய மின்சாரத்துக்கு நிலம் அப்படி. அதனால்தான் இதில் அரசியல் நிலத்திலிருந்தே தொடங்குகிறது.

பாவகடாவில் நிலத்தை அரசு கையகப்படுத்தவில்லை. மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, விவசாயிகளிடம் 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மின் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிற பணம். ஒரேயடியாக விற்றுவிட்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, ஒரு ஏக்கரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட் பேனல் ஆண்டுக்குத் தோராயமாக 17 லட்சம் யூனிட் தரும். அதாவது ஏக்கருக்குச் சுமார் 2.7 லட்சம் யூனிட். யூனிட் 3 ரூபாய் என்று வைத்தால் 8 லட்சம் ரூபாய். அதில் நிலத்துக்காரர் பங்கு 21,000, அதாவது இரண்டரை சதவீதம். முதலீடும் வட்டியும் மின் நிறுவனங்களுடையவை என்பது உண்மைதான். ஆனால் 26 ஆண்டு கழித்தும் குத்தகை 40,000 ரூபாயைத் தொடாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், அதற்குள் எல்லாமே மூன்றரை மடங்கு ஆகியிருக்கும்.

அப்புறம், நிலமே இல்லாதவர்கள். களையெடுப்பு, கடலை பறிப்பு என்று அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள், அவர்களில் ஏராளமான பெண்கள். தரிசில் ஆடு மேய்த்தவர்கள். புறம்போக்கில் காலங்காலமாகப் பயிர் செய்தும் கையில் காகிதம் இல்லாதவர்கள். குத்தகைப் பணம் பட்டாவைத் தேடித்தான் போகும், இவர்கள் வீட்டுக்கு வராது. கட்டுமானம் நடக்கும்வரை வேலை நிறைய இருக்கும். முடிந்த பிறகு மிஞ்சுவது காவல், பேனல் கழுவுதல், புல் வெட்டுதல் போன்ற சில வேலைகள் மட்டும். எரிபொருள் தேவையில்லை, சுழலும் எந்திரம் இல்லை என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெருமை; ஆள் தேவைப்படாததும் அதனால்தான்.

இதைச் சூரிய மின்சாரத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலக்கரியை விட்டு வெளியேறியே ஆக வேண்டும், வேகமாகவும். இழப்பு யாருக்கு என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்கவில்லை என்பதே என் வருத்தம். பேனலைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தினால் அடியில் ஆடு மேயலாம். பல நாடுகளில் அப்படித்தான் புல்லைக் கட்டுப்படுத்துகிறார்கள். 2019இல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில், விவசாயியே தன் நிலத்தில் 2 மெகாவாட் வரை சிறிய மின்நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்கலாம். அதிலும் நிலம் உள்ளவருக்குத்தான் வாய்ப்பு.

நிலமற்றவர்களுக்கு விற்பனையிலேயே ஒரு பங்கு வேண்டும். இந்தப் பூங்கா ஆண்டுக்குச் சுமார் 350 கோடி யூனிட் தரக்கூடியது. யூனிட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கினால், அந்த 5 கிராமங்களின் கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் மூன்றரைக் கோடி ரூபாய் கிடைக்கும்.