பால்குடி மறக்காத பிள்ளையும் அடுத்த கர்ப்பமும்

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகனுக்கு 20 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். அடுத்த குழந்தைக்கு ஆசை. "பாலை நிறுத்தினாத்தான் தங்கும்" என்கிறாராம் மாமியார். "வயித்துல ஒண்ணு இருக்கும்போது குடுத்தா இவன் சவலையாயிடுவான்" என்கிறாராம் பக்கத்து வீட்டு ஆத்தா. மார்பில் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவச் சொல்லி யோசனையும் வந்துவிட்டது. இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த அளவு தெரிந்தால் வேப்பங்கொழுந்து தேவைப்படாது.

பிள்ளை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்குகிறது, ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் பாலை இறக்குகிறது. இது பள்ளிப் பாடம். அதே சப்புதல் கருமுட்டை வெளிவருவதை எப்படித் தள்ளிப்போடுகிறது? பலர் புரோலாக்டினை மட்டும் கைகாட்டுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அதற்கும் மேலே, மூளையின் ஹைப்போதலாமஸில் நடக்கிறது.

அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு வருகிறது. தொடர்ச்சியாக வராது. மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு துடிப்பாக வரும். 1978இல் எர்ன்ஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானியின் குழுவினர், இந்தச் சுரப்பு அழிந்துபோன ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தார்கள். மணிக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டும் கொடுத்தபோது பிட்யூட்டரி வேலை செய்தது. அதையே இடைவிடாமல் கொடுத்தபோது பிட்யூட்டரி அடங்கிப்போனது. டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் காட்டுவது போலத்தான். ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, இடைவெளி விட்டு வரவேண்டும்.

பிள்ளை அடிக்கடி சப்பும்போது மார்புக் காம்பின் நரம்புகள் வழியே செய்தி மேலே போய், இந்தத் துடிப்புகள் மந்தமாகின்றன. முட்டையை வெளிவரச் செய்யும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச். குறைகிறது, சினைப்பை முட்டையை முழுசாக வளர்ப்பதில்லை. இதில் முக்கியம் பாலின் அளவைவிட எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில், இரவிலும் குடிக்கிறதா என்பதுதான். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் குங் மக்களிடையே தாய்மார் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பலமுறை, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பாலூட்டுவதை மெல்வின் கோனர், கரோல் வொர்த்மன் என்ற மானிடவியலாளர்கள் 1980இல் பதிவு செய்தார்கள். கருத்தடை எதுவும் இல்லாமலே அங்கே இரண்டு பிரசவங்களுக்கு நடுவே சராசரியாக 44 மாதம் இருந்தது.

நம் ஊர் நிலைமை வேறு. காலையில் நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிற அம்மா திரும்பும்வரை பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பகலில் அத்தனை நீண்ட இடைவெளி, பாலெல்லாம் சாயங்காலமும் இரவும்தான். வீட்டிலேயே இருந்து நினைத்தபோதெல்லாம் கொடுக்கிற அம்மாவுக்கும் இவருக்கும் மாதவிலக்கு திரும்பும் காலம் வேறுபட்டால் ஆச்சரியமில்லை. வயலில் வேலை செய்யும் பெண்களிடம் இதைத் தொடர்ந்து கவனித்துப் பதிவுசெய்யப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று வருடச் சம்பளமும் பொறுமையும் போதும். அரசின் ஆராய்ச்சிப் பணம் இந்த மாதிரி வேலைக்கு வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய நிபுணர்கள், முதல் 6 மாதம், தாய்ப்பால் மட்டும் அல்லது கிட்டத்தட்ட அது மட்டும், மாதவிலக்கும் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் 98 சதவீதத்துக்கு மேல் கர்ப்பத்திலிருந்து பாதுகாப்பு என்றார்கள். 20 மாதப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். அதனால் மாதவிலக்கைப் பார்க்காமலே கர்ப்பமானவர்கள் உண்டு.

வாசகிக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் துடிப்புகள் திரும்பிவிட்டன என்று பொருள், பாலை நிறுத்த வேண்டியதில்லை. முதல் சில மாதங்களில் சுழற்சியில் முட்டை வெளிவந்த பிறகான பாதி குட்டையாக இருந்து கரு தங்காமல் போகலாம். அது போகப்போகச் சரியாகும். இன்னும் வரவே இல்லை என்றால் முதலில் இரவுப் பாலை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். ரத்தத்தில் புரோலாக்டின் பார்க்கச் சொன்னால் பால் கொடுப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இயல்பான உயர்வு நோயாகத் தெரியும். 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், அதற்கு மேலே என்றால் 6 மாதம் முயன்றும் தங்காவிட்டால் டாக்டரைப் பார்ப்பது வழக்கம்.

சரி, கர்ப்பமான பிறகு? பால் கெட்டுப்போவதில்லை. நஞ்சுக்கொடியின் புரோஜெஸ்ட்ரோன் பால் உற்பத்தியைக் குறைக்கிறது. நாலைந்து மாதத்தில் பால் சுண்டி, உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். சில பிள்ளைகள் அப்போது தானாகவே விட்டுவிடும். சவலை பற்றிய பயம் பொய்யல்ல, காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். இன்றைய கானாவில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், அடுத்த பிள்ளை வந்ததும் பால் நிறுத்தப்பட்டு மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய குழந்தைகள் உடம்பு வீங்கி நலிவதை 1933இல் விவரித்தார். பாலின் புரதம் போனது, அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. அதனால் பிள்ளைக்கு முட்டை, பருப்பு, மீன், அங்கன்வாடி சத்துமாவு வேண்டும். தாய்க்கும் கூடுதல் சாப்பாடும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும்.

பால் கொடுத்தால் கரு கலையும் என்ற பயம் ஆக்ஸிடாசினால் வருவது. அது கருப்பையையும் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் கருப்பையில் தொடக்க மாதங்களில் மிகக் குறைவு, பிரசவம் நெருங்கும்போதுதான் பலமடங்கு பெருகும். தாம்பத்திய உறவின்போதும் இதே ஆக்ஸிடாசின் சுரக்கிறது, சிக்கலில்லாத கர்ப்பத்தில் அதை யாரும் தடுப்பதில்லை. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், பிரசவமானதும் வரும் சீம்பால் புதுக்குழந்தைக்குத்தான் முதலில். பெரியவன் அதன்பிறகு குடிக்கட்டும். அந்தச் சில நாள் அவனுக்கு வயிறு கொஞ்சம் இளகலாம், சீம்பாலுக்கு அந்தக் குணம் உண்டு.