"நானா இருந்தா அப்பவே கட் பண்ணியிருப்பேன்"

மனநல ஆலோசனைக்கு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. (ஆள் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அதே 'டிஜிட்டல் அரெஸ்ட்' கதைதான்: போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டி, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று பணம் பறிக்கும் மோசடி. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து இரண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். பாத்ரூம் போகக்கூடத் திரையில் இருந்த 'ஆபீசரிடம்' அனுமதி கேட்டிருக்கிறார். இணைப்பைத் துண்டிக்காமல் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எஃப்.டி.யை உடைக்கப் போனபோது, கவுன்டரில் இருந்த பெண், "எதுக்கும்மா இவ்வளவு பெரிய தொகை?" என்று கேட்டிருக்கிறார். "பையன் வீடு வாங்குறான்" என்று, சொல்லிக்கொடுத்த பொய்யை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்தப் பையன்தான் அம்மாவை என்னிடம் கூட்டிவந்தார். உட்கார்ந்ததிலிருந்து ஒரே பாட்டு. "முப்பது வருஷம் ஊருக்கே புத்தி சொன்னவங்க மேடம். நானா இருந்தா அப்பவே கட் பண்ணியிருப்பேன்." அம்மா வாயே திறக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

'நானா இருந்தா.' இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இப்படிச் சொல்கிற எல்லோரையும் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் புத்தகத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. 1974இல் வந்த 'அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல்' புத்தகத்தைத்தான் சொல்கிறேன். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனை பலருக்கும் தெரிந்ததே. அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் கூடவே இருக்கும் ஆய்வாளரின் உத்தரவுப்படி, ஷாக் கொடுக்கும் ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15ஆக ஏறி 450 வரை போகும். ஷாக் பொய், அலறலும் நடிப்பு, ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது. அடிப்படைச் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச்வரை போனார்கள். மேடைப் பேச்சாளர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டு 'மனிதன் மிருகம்' என்று முடித்துவிடுவார்கள். புத்தகத்தைத் திறந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அழுத்தியவர்கள் வியர்த்திருக்கிறார்கள், நடுங்கியிருக்கிறார்கள், "அவர் கத்துறாரே" என்று கெஞ்சியிருக்கிறார்கள். கெஞ்சிக்கொண்டே அடுத்த சுவிட்சை அழுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கான பக்கம் வேறு. சோதனையைப் பற்றி விளக்கிச் சொல்லி, "நீங்களாக இருந்தால் எங்கே நிறுத்துவீர்கள்?" என்று 110 பேரிடம் மில்கிராம் கேட்டார். கடைசிவரை போவேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோருமே நடுவில் எழுந்துவிடுவார்களாம்! அந்த 110 பேரில் 39 பேர் மனநல மருத்துவர்கள். (ஆக, எங்கள் வட்டாரமும் தேறவில்லை.) கேட்கப்பட்டவர்கள் புத்திசாலிகள், உட்கார்ந்து அழுத்தியவர்கள் முட்டாள்கள் என்றில்லை. அழுத்தியவர்களில் பொறியாளர்களும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. கேட்கப்பட்டவர்கள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்காலிக்கு வெளியே நிற்கும்போது எல்லோருக்கும் தைரியம் வரும். எனக்கும் வரும். படிப்பு இங்கே கவசமே இல்லை. சொல்லப்போனால், சட்டத்துக்கும் சீருடைக்கும் காலமெல்லாம் மரியாதை கொடுத்துப் பழகியவர்கள்தான் சீக்கிரம் மாட்டுகிறார்கள். இது நான் கண்கூடாகப் பார்ப்பது.

மகனை வெளியே உட்காரச் சொன்ன பிறகு அம்மா பேசினார். "சந்தேகம் வந்துச்சு மேடம். ஆனா பேசிட்டிருக்கும்போதே வச்சா மரியாதையா இருக்காதேன்னு..." எழுந்து போக முடியாமல் மனிதர்களைக் கட்டிப்போடுவது இந்தச் சங்கடம்தான் என்று மில்கிராமும் எழுதியிருக்கிறார்.

புத்தகத்தில் இன்னும் பல மாற்றுச் சோதனைகள் இருக்கின்றன. மோசடிக்காரர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, அதன்படிதான் நடக்கிறார்கள். உத்தரவு போடுகிறவர் அறையை விட்டு வெளியே போய்ப் போனில் சொன்னபோது, கடைசிவரை கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்துபோனார்கள். சிலர் குறைந்த ஷாக்கையே கொடுத்துவிட்டு, ஏற்றிவிட்டதாகப் போனில் புளுகினார்கள். கேமராவை அணைக்கவே கூடாது என்று மோசடிக்காரர்கள் ஏன் அவ்வளவு மிரட்டுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? இன்னொரு சோதனையில் கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "இதுக்கு மேல எங்களால முடியாது" என்று எழுந்துவிட்டார்கள். அவர்களும் நடிகர்கள்தான். அதைப் பார்த்த பிறகு கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர்.

அந்த இரண்டு நாளில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறார். "அப்புறம் வாங்க" என்று அம்மா உள்ளே இருந்தே அனுப்பிவிட்டாராம். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு.

(மில்கிராமின் சோதனைக்கு இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஷாக் உண்மையா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அதைப் பேச இது இடமில்லை.)

இனி காரியத்துக்கு வருகிறேன். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்யாது, சரிபார்க்க வேண்டும் என்று உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவன் சொன்னால் அந்த நொடியே யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். பால்காரராக இருந்தாலும் பரவாயில்லை. மரியாதை பார்க்காதீர்கள், வையுங்கள் போனை! பணம் போய்விட்டால் விடியட்டும், பையன் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தவரிடம் தயவுசெய்து 'படிச்சிருந்தும் இப்படியா' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அடுத்த முறை உங்களிடம்தான் முதலில் மறைப்பார்கள். தினமும் ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டதோடு வைத்துவிடாமல் கொஞ்சம் பேசுங்கள். சோதனையில் முடியாது என்று எழுந்த அந்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாமே.

110 பேரைக் கேட்ட அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.