மாமாக் கடையின் மூடிய அலமாரி

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் மாமாக் கடை என்ற சின்ன மளிகைக் கடையில் கறிவேப்பிலை முதல் குளிர்பானம் வரை எல்லாம் கண்ணெதிரே இருக்கும். சிகரெட் மட்டும் கல்லாவுக்குப் பின்னால், படமோ எழுத்தோ இல்லாத ஓர் அலமாரிக்குள். பெட்டியை எடுத்துக் கையை விட்டதும் அதன் கதவு தானாக மூடிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2017 ஆகஸ்ட் 1 முதல் கடைகளில் சிகரெட்டைப் பார்வைக்கு வைக்கக்கூடாது. விலைப்பட்டியலைக்கூட கேட்டால்தான் காட்டலாம்.

வேண்டுமென்பவர் கேட்டு வாங்கிவிடுவாரே, பிறகு கதவு எதற்கு? இதற்கு மூளையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

புகையை இழுத்த பத்து இருபது விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அசெட்டில்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக அங்கே பூட்டுபோல் காத்திருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே டோப்பமின் சுரக்கிறது. இதை இன்பம் தரும் பொருள் என்பார்கள். 'இதை நினைவில் வை, திரும்பச் செய்' என்று மூளைக்குப் பாடம் நடத்தும் பொருள் என்பது இன்னும் பொருத்தம். அந்த நேரத்தில் சுற்றியிருப்பதும் பாடத்தோடு சேர்ந்துவிடும்: பெட்டியின் நிறம், லைட்டரின் சத்தம், கையிலிருக்கும் தே தாரிக் என்ற பால் தேநீர். நாளைக்கு 20 சிகரெட், ஒவ்வொன்றிலும் பத்து இழுப்பு என்று வைத்தால் தினமும் 200 முறை இந்தப் பாடம் நடக்கிறது. அப்புறம் நிறத்தைப் பார்த்தாலே போதும், ஏக்கம் கிளம்பிவிடும். நிக்கோட்டின் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். படித்த பாடம் வருஷக்கணக்கில் போகாது.

என் பெரியப்பா புகைப்பதை விட்டு ஆறு வருஷம் கழித்து, இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பின்னால் தன் பழைய பிராண்டைப் பார்த்ததும் நாக்கில் அந்த ருசியே வந்துவிட்டதாம். வெங்காயம் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார். அவரைப் போன்றவர்களுக்குத்தான் அந்தக் கதவு.

2020 ஜூலை 1 முதல் பெட்டியின் நிறமும் போய்விட்டது. எல்லா பிராண்டும் ஒரே மங்கிய பழுப்பு, சின்னம் கிடையாது, பெட்டியின் 75 விழுக்காடு எச்சரிக்கைப் படம். பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் புகைக்கத் தடை இருப்பது அடுத்தவர் நுரையீரலுக்காக. ஆனால் ஒருவர் புகைப்பதைப் பார்ப்பதே இன்னொருவருக்கு ஏக்கத்தைக் கிளப்பும் என்பதால், விட்டவர்களுக்கும் அது உதவுகிறது.

சிகரெட் வாங்க வயதுக் கட்டுப்பாடு இருப்பதற்கும் மூளை ஒரு காரணம். ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். சிகரெட் வாங்கும் குறைந்தபட்ச வயது 18-இலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக ஏறி, 2021 ஜனவரி 1 முதல் 21 ஆனது. வயது குறைந்தவருக்கு விற்றுப் பிடிபட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். புகையிலை விற்கும் உரிமமும் ஆறு மாதம் முடக்கப்படும். சின்னக் கடைக்கு அது பெரிய அடி. அதனால்தான் எங்கள் கடை அண்ணன், மீசை வைத்த பையனாக இருந்தாலும், அலமாரியில் கை வைப்பதற்கு முன் "ஐசி காட்டு தம்பி" என்று அடையாள அட்டையைக் கேட்கிறார்.