மொபிலிட்டி: இடப்பெயர்வா, போக்குவரவா?

ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் உத்தி ஆவணங்களில் 'மாணவர், பணியாளர் மொபிலிட்டி' என்று ஒரு பகுதியை அடிக்கடி பார்க்கலாம். படிக்கவோ வேலை பழகவோ கொஞ்ச காலம் வேறு நாட்டுக் கல்லூரிக்குப் போய்வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும், தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. 'மாணவர் இயக்கம்' என்று போட்டால் கொடி பிடித்து ஊர்வலம் போகிறவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 'இடப்பெயர்வு' என்றால், போரைப் பார்த்த ஈழத்து வாசகருக்கு அது மூட்டை முடிச்சோடு முகாமுக்குப் போன நாளைத்தான் சொல்லும். 'பணியாளர் இடமாற்றம்' இன்னும் மோசம், யாரோ மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டு தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வாங்கிய மாதிரி. 'பெயர்ச்சி'யின் பக்கம் போகவே வேண்டாம், அதைச் சனிக்கும் குருவுக்கும் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

வேர் லத்தீன். மொவேரே என்றால் நகர்த்து, அசை. அதிலிருந்து மொபிலிஸ், அசையக்கூடியது. நிலையில்லாத கூட்டத்தை 'மொபிலே வுல்குஸ்' என்பார்கள், அது சுருங்கித்தான் ஆங்கிலத்தில் கும்பலுக்கு 'மாப்' என்ற சொல் வந்தது. நம் சட்டைப்பையில் இருக்கும் மொபைலும் அதே குடும்பம். இந்த வேரைப் பிடித்துக்கொண்டு 'இயங்குதிறன்', 'நகர்திறன்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மூட்டு அறுவை முடிந்தவரைப் பற்றி எழுத அது சரி, பல்கலைக்கழகத்துக்கு ஒட்டாது.

ஏனென்றால் பல்கலைக்கழகத்தில் இந்தச் சொல்லுக்கு நகர்வது மட்டும் பொருள் இல்லை. போவது, படிப்பது, திரும்பி வருவது, படித்தது சொந்தக் கல்லூரியின் கணக்கில் ஏறுவது, இந்த நான்கும் சேர்ந்ததுதான் மொபிலிட்டி. நான்காவதுக்குத்தான் சண்டையே நடந்தது. சோஃபியா கொர்ராதி என்ற இத்தாலியப் பெண் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை முடித்து 1958-இல் ஊர் திரும்பினார். ரோம் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்க மறுத்துவிட்டது. அவர் விடாமல் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1987-இல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாக எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது, அவருக்கு 'மம்மா எராஸ்மஸ்', அதாவது எராஸ்மஸின் அம்மா, என்றே பட்டப்பெயர் விழுந்தது. ரோட்டர்டாமில் பிறந்து, பாரிஸில் படித்து, தூரினில் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தி, பாசலில் கண்ணை மூடிய எராஸ்மஸ் என்ற பழைய அறிஞரின் பெயர் அந்தத் திட்டத்துக்குப் பொருத்தமானதுதான்.

இன்றைக்கு பெல்ஜியத்தின் லூவெனில் படிக்கும் ஒருவர் ஒரு பருவம் இத்தாலியின் பொலோனியாவுக்குப் போகிறார் என்று வையுங்கள். அங்கே என்னென்ன பாடம் எடுப்பார் என்று கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டு, மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என மூன்று தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். பருவத்துக்கு 30 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள். தேறி வந்தால் லூவென் அதை அப்படியே வரவு வைக்க வேண்டும். பொலோனியாவில் தனியாகப் படிப்புக் கட்டணம் கிடையாது.

'வரவு வைப்பது' என்று எழுதும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம்மிடம் 'போக்குவரவு' என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறதே. 'போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே' என்று சிவபுராணத்தில் இருக்கிறது. அதன் தம்பி 'போக்குவரத்து' என்ற சொல் பேருந்துக்கும் லாரிக்கும் போய்விட்டது, ஆனால் 'போக்குவரவு' இன்னும் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. போவதும் வருவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன, கணக்கில் வரவு வைப்பதும் காதில் விழுகிறது. ஆகவே என் வாக்கு 'கல்விப் போக்குவரவு' என்பதற்கு. பிரிட்டன் எராஸ்மஸை விட்டு விலகி 2021-இல் அதற்குப் பதிலாக டூரிங் (Turing) என்று சொந்தத் திட்டம் கொண்டுவந்தபோது தன் மாணவர்கள் வெளியே போகத்தான் பணம் வைத்தது, உள்ளே வருகிறவர்களுக்கு இல்லை. போக்கு உண்டு, வரவு இல்லை என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பழைய சொல் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்கிறது தொல்காப்பியம். படிப்புக்காகத் தலைவன் பிரிந்து போனால் அது ஓதற்பிரிவு. அழகான சொல், ஆனால் வீட்டில் காத்திருப்பவர் பக்கமிருந்து பார்க்கிற சொல், நிர்வாக ஆவணத்தில் வைத்தால் மூக்கு சிந்தும். கல்விக்கான பிரிவு 'யாண்டு மூன்று இறவாது' என்று வரம்பு வேறு இருக்கிறது. எராஸ்மஸில் இளநிலை, முதுநிலை, முனைவர் என ஒவ்வொரு கட்டத்துக்கும் அதிகபட்சம் 12 மாதம், கூட்டினால் அதுவும் மூன்று வருஷம்! தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வந்தது.

பணியாளர் என்றால் பேராசிரியர் மட்டுமில்லை, நூலகரும் அலுவலக எழுத்தரும்கூட இரண்டு நாள் முதல் இரண்டு மாதம் வரை வேறொரு நாட்டுக் கல்லூரிக்குப் போய் வேலை பழகி வரலாம். அதனால் 'ஆசிரியர் பரிமாற்றம்' என்று சுருக்கினால் பாதிப்பேர் விடுபட்டுப் போவார்கள்.

அப்புறம், வெளியே போகிற மாணவரையும் உள்ளே வருகிற மாணவரையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? 'போக்கு மாணவர்' என்று எழுதிப் பார்த்தேன், போக்கிரி மாணவர் மாதிரி கேட்டது. இதற்கு வள்ளுவரிடமே அச்சு இருக்கிறது: 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்'. செல்மாணவர், வருமாணவர். வந்த மாணவரை வழியனுப்பிவிட்டு அடுத்து வருகிறவருக்கு விடுதி அறை தேடிக்கொண்டிருக்கும் பன்னாட்டு அலுவலக எழுத்தருக்கும் அந்தக் குறள் பொருந்தும்.