வலிக்கு ஒரு குறியீடு, நோய்க்கு ஒரு குறியீடு

சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி ஏறுகிறது; கழித்துவிட்டு வந்தால் கொஞ்சம் தணிகிறது. சிறுநீரைச் சோதித்தால் கிருமி இல்லை. மாதக்கணக்காக இப்படி அவதிப்படும் இரண்டு பேர் அமெரிக்க மருத்துவமனைக்குப் போனால், ஒருவரின் பதிவில் ‘ஆர்39.82’ என்றும் மற்றவரின் பதிவில் ‘என்30.10’ என்றும் எழுதப்படலாம். வலி ஒன்றுதான். அப்புறம் ஏன் இரண்டு குறியீடு?

முதலில் நிற்கும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் அந்த எழுத்துதான் அத்தியாயத்தைக் காட்டும். ‘என்’ என்றால் சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளின் நோய்கள். ‘ஆர்’ என்றால் இன்னும் நோய்ப்பெயர் கிடைக்காத அறிகுறிகள். என்30 சிறுநீர்ப்பை அழற்சி, என்30.1 அதில் கிருமி இல்லாமலே நாள்பட வலிக்கும் ஒரு வகையான இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ். அமெரிக்கா தனக்காக விரித்துக்கொண்ட ஐசிடி-10-சிஎம் பதிப்பு இன்னொரு இலக்கத்தைச் சேர்க்கிறது: சிறுநீரில் ரத்தம் இல்லையென்றால் 0, இருந்தால் 1. நாள்பட்ட சிறுநீர்ப்பை வலிக்கென்றே ஆர்39.82 அந்தப் பதிப்பில் வந்தது 2016 அக்டோபரில்தான்.

இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸை ஒரே சோதனையில் உறுதிசெய்ய வழியில்லை. தொற்று, கல், புற்றுநோய் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். அதற்கு நாளாகும். அதுவரை மருத்துவர் ‘இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸாக இருக்கலாம்’ என்றுதான் எழுதுவார். அமெரிக்காவில் புறநோயாளிப் பிரிவில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியதை நோயாகக் குறியிடக் கூடாது என்பது விதி. அறிகுறியை மட்டுமே குறிக்கலாம். உள்நோயாளி வீடு திரும்பும்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், அதை உறுதியான நோய்போலவே குறியிடலாம். விசித்திரமாகத் தெரிந்தாலும், புறநோயாளி விதி நல்லதுதான். நிரூபிக்காத நோய்ப்பெயர் ஒருவரின் பதிவில் ஒட்டிக்கொள்ளாமல் அது தடுக்கிறது.

‘ஆர்’ குறியீட்டைப் பார்த்து ‘என் வலியை இவர்கள் நம்பவில்லை’ என்று மனம் உடைபவர்கள் உண்டு. அந்தக் குறியீடு அப்படிச் சொல்லவில்லை. வலி இருக்கிறது, காரணம் இன்னும் உறுதியாகவில்லை, அவ்வளவுதான். காரணம் தெளிவானதும் அடுத்த வருகையில் குறியீடு மாறும்.

எனக்கு உண்மையான குறையாகப் படுவது வேறு. சிலரின் சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் சிவந்த புண்கள் தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் கை ஹன்னர் 1915-இல் விவரித்ததால் அவற்றுக்கு ஹன்னர் புண் என்று பெயர். பலருக்கு அப்படி எதுவும் தெரியாது. புண் இருப்பவர்களுக்கு அதைச் சுட்டு அகற்றும் சிகிச்சை பலன் தருகிறது. மற்றவர்களுக்கு வழி வேறு. ஆனால் இரு தரப்புக்கும் என்30.1 ஒன்றுதான். குறியீடுகளை வைத்து நோயாளிகளை எண்ணுகிற ஆய்வாளருக்கு, புண் இருந்தது யாருக்கு, இல்லாதது யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அது மருத்துவரின் குறிப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது.