மதியத்துக்கு மேல் எந்திரிக்காத பக்கெட்

"காலையில நல்லாத்தான் தூக்குது அண்ணே. மத்தியானச் சோறு தின்னுட்டு வந்து உக்காந்தா பக்கெட் எந்திரிக்கவே மாட்டேங்குது." வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு அள்ளும் பழைய லோடரின் ஆபரேட்டர் தம்பி சொன்னது இது. பம்ப் போய்விட்டது என்று அதற்குள் யாரோ தீர்ப்புச் சொல்லி, வண்டிக்காரர் புதுப் பம்புக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். தம்பி சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது.

ஹைட்ராலிக் பம்ப் ஆயிலைத் தள்ளும். அதன் வேலை அவ்வளவுதான். தள்ளிய ஆயிலுக்கு எதிரே எடை நின்று மறிக்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள், விரலில் முட்டும். குழாய் நடுவில் கிழிந்திருந்தால் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முட்டாது. லோடரிலும் இதே கதைதான். பக்கெட்டைத் தூக்கும் 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் நின்றால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சுமார் 16 டன் விசையோடு தள்ளும். தூக்கவில்லை என்றால் ஆயில் வரவில்லை, அல்லது வந்த ஆயில் எங்கோ ஓடிப்போகிறது.

காலையில் தூக்கி மதியம் தூக்காதது ஏன்? ஹைட்ராலிக் ஆயில் டின்னில் 68 என்று போட்டிருப்பது 40 டிகிரி செல்சியஸில் அதன் பிசுக்குத்தன்மை. 80 டிகிரிக்குச் சூடானால் அது கால்பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காலையில் தேன் மாதிரி இருந்த ஆயிலைத் தடுத்து நிறுத்திய, பாகங்களுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளி, மதியம் தண்ணீராய் இளகிய ஆயிலைத் தாராளமாக விட்டுவிடும். இடைவெளி அகன்றால் இன்னும் மோசம்: இரண்டு மடங்கு அகன்றால் கசிவு எட்டு மடங்காகும். ஆகவே சூட்டில் மட்டும் வலுக் குறைந்தால் உள்கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி அடைத்திருந்தால் நேர்மாறாக, காலையில் கெட்டி ஆயிலை இழுக்க முடியாமல் பம்ப் ஓலமிடும், சூடேறினால் அடங்கும்.

அடுத்து கேட்க வேண்டியது, எல்லா வேலையும் மந்தமா, ஒன்று மட்டுமா? பின்னால் தோண்டும் கையைச் சூடான நிலையிலேயே ஓட்டச் சொன்னேன். வேகமும் பலமும் குறையவில்லை. அந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பம்ப்தான். ஆக பம்பின் மேல் குற்றம் இல்லை. ஒரு லட்சணத்தை வைத்து விலை கூடிய பாகத்தை முதலில் கழற்றும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் சீசன் வருமானம்.

"தூக்கி நிறுத்துனா இறங்காம நிக்குதே, அப்ப சீல் நல்லாத்தானே இருக்கு?" என்றான் தம்பி. பலர் ஏமாறும் இடம் இது. சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனைச் சுற்றி ஆயில் தாண்டாமல் தடுக்கும் வளையம்தான் சீல். பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீளும் கம்பி ராடு. லிவரை நடுவில் விட்டால் வால்வு சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழியையும் அடைத்துவிடுகிறது. பிஸ்டன் சீல் கிழிந்து அடிப்பக்கத்து ஆயில் ராடு பக்கம் போனாலும், ராடு இடத்தைப் பிடித்திருப்பதால் அங்கே முழுவதற்கும் இடம் போதாது. மிஞ்சிய ஆயில் வெளியேற வழியில்லாததால் பக்கெட் அப்படியே நிற்கும். அது தானாக இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, வால்வுக்குள் நகர்ந்து வழியைத் திறந்து மூடும் ஸ்பூலை. தூக்கும்போது நிலைமை வேறு. அப்போது ராடு பக்கம் டேங்குக்குத் திறந்திருக்கும். கிழிந்த சீல் வழியே போகும் ஆயில் வேலை செய்யாமலே டேங்குக்குத் திரும்பிவிடும்.

இதை உறுதிசெய்ய, பக்கெட்டைத் தாங்கும் கைகளை முழுக்கத் தூக்கிப் பாதுகாப்புக் கட்டையை மாட்டினோம். இன்ஜினை நிறுத்தி, லிவரை ஆட்டி அழுத்தத்தை இறக்கினோம். பிறகு இரண்டு சிலிண்டரிலும் ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை அடைத்து, இன்ஜினைப் போட்டுத் தூக்கும் லிவரைப் பிடிக்கச் சொன்னேன். இடது சிலிண்டரில் நாலு சொட்டு விழுந்து நின்றது. வலதில் விரல் கனத்துக்கு ஊற்றியது.

கழற்றினால் சீல் ஓரம் கடித்துத் துப்பியது போலிருந்தது. சிலிண்டர் குழலின் உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்கு நெடுங்கோடு. காரணம் ராடில் இருந்தது. தலைமுடியைவிட மெல்லிய குரோம் பூச்சை உப்புக்காற்று துளைத்து, மணல் பருமனில் குழிகள் போட்டிருந்தது. அந்தக் குழிகள், ராடு வெளியே வரும் வாயில் உள்ள சீலை அராவ, அந்த வழியாக உப்பும் துருவும் உள்ளே போய்க் குழலைக் கீறியிருக்கின்றன. டேங்கும் ஒரு வழி: பகல் சூட்டில் மூச்சை விட்டு, இரவில் ஆறும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. சாயல்குடி முதல் தொண்டி வரை கடலோரம் ஓடும் வண்டிகள் வேலை முடிந்ததும் ராடுகளை உள்ளிழுத்து நிற்க வேண்டும். வெளியே நிற்கும் ராடுக்குக் கிரீஸ் பூச வேண்டும்.

கசிவைத் தேடி ஹோஸ் மேல் கையை ஓட்டவே ஓட்டாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், ஆனால் அறுவை சிகிச்சை தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழலைத் தேய்த்து மெருகேற்றி, ராடுக்குப் புதுக் குரோம் ஏற்றி, இரண்டு சிலிண்டருக்கும் சீல் கிட் போட்டோம். பழைய ஆயிலை முழுக்க வடித்தோம். மாட்டி முடித்தபோது காலை பத்து மணி. பக்கெட் நன்றாகவே தூக்கியது. வண்டிக்காரர் கணக்கு முடிக்க வந்தார். நாலு மணி நேரம் உப்பு அள்ளி ஆயில் சூடாகட்டும், மதியம் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.